ஊர்ப் பாடசாலையின் கூதிர்கால மடலைக் கொழும்பிலிருந்து தொகுப்பது எப்படி

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தெஹிவளையிலும் குடியிருக்கும் எங்களில் பலருக்குச் சொந்த ஊரில் ஒரு சிறிய பாடசாலை உண்டு. தரம் 1 முதல் 5 வரையான வகுப்புகள், நாற்பது ஐம்பது பிள்ளைகள், ஐந்தாறு ஆசிரியர்கள், வகுப்பெடுத்துக்கொண்டே நிருவாகத்தையும் பார்க்கும் ஓர் அதிபர் என்ற அளவில் இயங்கும் இத்தகைய பாடசாலைகள் கல்வி அமைச்சின் பதிவில் வகை 3 என்று குறிக்கப்படுகின்றன. பெரிய கல்லூரிகளுக்கு இருப்பதுபோல இவற்றுக்கு ஆண்டு மலர் கிடையாது. பத்திரிகைகளின் பிரதேசச் செய்திகளிலும் இவை அபூர்வமாகவே தலைகாட்டும். பழைய மாணவர் சங்கத்தின் கொழும்புக் கிளை வருடத்துக்கு ஒரு முறையாவது நான்கு பக்க மடல் ஒன்றைத் தொகுத்து, பாடசாலையில் நடந்தவற்றையும் அதைச் சூழ்ந்த குடும்பங்களின் நன்மை தீமைகளையும் உரியவர்களிடம் சேர்ப்பித்தால், அந்தக் குறை ஓரளவு தீரும். மாங்குளம்–முல்லைத்தீவு வீதியிலிருந்து உள்ளே செல்ல வேண்டிய ஒரு பாடசாலைக்காக இந்த வேலையைச் சில வருடங்களாகச் செய்துவருகிறேன். விட்ட பிழைகளையும் மறைக்காமல் இங்கு எழுதுகிறேன்.

எந்தக் காலம், எந்தச் செய்தி

ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்த பருவத்தைப் பழந்தமிழர் கூதிர் என்றனர். மேலை நாடுகளில் அது இலையுதிரும் காலம். வன்னியிலோ வடகீழ்ப் பருவமழை தொடங்கி, பெரும்போக வயல்கள் பச்சை பிடித்து, வேலிகளில் கார்த்திகைப் பூ பூக்கும் காலம். பாடசாலை நாள்காட்டியிலும் ஆகக் கூடிய நிகழ்வுகள் இந்த இரண்டு மாதங்களிலும் அவற்றுக்குச் சற்று முன்னரும்தான் குவிகின்றன. ஒக்டோபர் 1 சிறுவர் தினம். அதே நாள் சர்வதேச முதியோர் தினமும் ஆகையால், சிறிய பாடசாலைகள் பேரப்பிள்ளைகளோடு பாட்டன் பாட்டிமாரையும் அழைத்து இரண்டையும் ஒன்றாகவே நடத்திவிடுவதுண்டு. உலகம் ஒக்டோபர் 5இல் கொண்டாடும் ஆசிரியர் தினத்தை இலங்கை 6ஆம் திகதி கொண்டாடுகிறது. ஒக்டோபர் முழுவதும் தேசிய வாசிப்பு மாதம். நவராத்திரி, விஜயதசமி, தீபாவளி ஆகியவை சந்திரனைப் பார்த்து வருவதால் வருடந்தோறும் இடம் மாறும்; 2025இல் விஜயதசமி ஒக்டோபர் 2இல் வந்ததால், சிறுவர் தினமும் ஏடு தொடக்கலும் அடுத்தடுத்த நாள்களில் அமைந்தன. நவம்பரில் வடமாகாணத்தில் மரநடுகை மாதம். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் மாதம் மட்டும் நிலையில்லாதது: 2023இல் ஒக்டோபரிலும், 2024இல் செப்டெம்பரிலும், 2025இல் ஓகஸ்டிலும் நடைபெற்றது. ஆகவே போன வருட மடலை முன்னே வைத்துக்கொண்டு இந்த வருடத்துக்குத் திகதி குறிக்கக் கூடாது.

நவம்பர் நடுப்பகுதியில் செய்தி சேர்ப்பதை நிறுத்தி, மாத இறுதிக்குள் அச்சுக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம். ஆனால் கடைசிப் பக்கத்தில் கால்வாசியை எப்போதும் வெறுமையாக விட்டுவைக்கிறேன், ஏனெனில் நவம்பர் இந்த நாட்டில் நம்பத்தகாத மாதம். 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளி, 2008 நவம்பரில் வடக்கை வெள்ளத்தில் ஆழ்த்திய நிஷா, 2025 நவம்பர் இறுதியில் நாட்டையே உலுக்கிய டித்வா ஆகிய மூன்றும் இந்த மாதத்தில் வந்தவை. ஊர் வெள்ளத்தில் நிற்கும்போது, ஆசிரியர் தினத்தில் கேக் வெட்டிய செய்தியை மட்டும் தாங்கிய மடல் போய்ச் சேர்ந்தால், அதைத் தொகுத்தவருக்கு ஊரைப் பற்றிய அக்கறை எவ்வளவு என்பது தெரிந்துவிடும்.

செய்தியைக் கேட்டு வாங்கும் முறை

முதல் வருடம் நான் படிவம் ஒன்றைத் தயாரித்து அதிபருக்கு அனுப்பினேன். நிகழ்வின் பெயர், திகதி, தலைமை, விருந்தினர், பங்குபற்றியோர் தொகை என்று பத்துப் பன்னிரண்டு நிரல்கள். ஏற்கெனவே வலயக் கல்வி அலுவலகத்துக்கும் கோட்டக் கல்வி அலுவலகத்துக்கும் நிரப்ப வேண்டிய படிவங்களால் மேசை நிறைந்திருக்கும் ஒருவருக்கு இன்னொரு படிவத்தை அனுப்புவது எவ்வளவு பேதைமை என்பது, அது வெறுமையாகத் திரும்பி வந்தபோதுதான் விளங்கியது. இப்போது ஓர் ஆசிரியையைத் தொடர்பாளராக வைத்துக்கொள்கிறோம். பாடசாலை 1.30க்கு விடும், டீச்சர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, பிள்ளைகளைக் கவனித்து, ஆறு மணியளவில் சற்று ஓய்வாக இருப்பார். அந்த நேரத்தில் அழைத்து மூன்று கேள்விகளை மட்டும் கேட்கிறேன்: கடந்த இரண்டு வாரத்தில் என்ன நடந்தது, அதில் பிள்ளைகள் சிரித்த இடம் எது, யார் வராமல் விட்டார்கள். மூன்றாவது கேள்வியின் பயன் பெரிது. விதைப்புக்குத் தாய் தந்தையர் வயலுக்குப் போனதால் தம்பியைப் பார்க்க நின்றுவிட்ட பிள்ளை, பாலத்துக்கு மேலால் தண்ணீர் போனதால் மூன்று நாள் வராத நான்கு வீட்டுப் பிள்ளைகள் முதலிய உண்மையான கூதிர்காலச் செய்திகள் அந்தப் பதிலில்தான் வெளிவருகின்றன.

மழை நாளில் தொலைபேசித் தொடர்பு அறுந்து அறுந்து வருமாதலால், டீச்சரைக் குரல் பதிவாக அனுப்பச் சொல்வது நல்லது. திகதியில் ஐயம் வந்தால் அதிபரின் சம்பவத் திரட்டுப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லுமாறு கேட்கலாம். அதில் ஒவ்வொரு நாளும் பதியப்பட்டிருக்கும். பிள்ளைகளிடம் கட்டுரை கேட்கக் கூடாது. கேட்டால் பெரியவர்கள் எழுதிக் கொடுத்த கட்டுரைதான் வரும். அதற்குப் பதிலாக, மழையைப் பற்றி ஒரே ஒரு வசனத்தைக் கொப்பித் தாளில் எழுதச் சொல்லி, அதை அப்படியே படமெடுத்து அனுப்புமாறு கேட்டோம். தரம் 2 மாணவன் ஒருவன், “மழை பெய்தால் எங்கள் வகுப்பு நடுவில் வாளி வைப்போம்” என்று எழுதியிருந்தான். கூரைத் திருத்தத்துக்கு நிதி கேட்டு நாங்கள் எழுதிய இரண்டு பந்திகளை எடுத்துவிட்டு, அந்த வசனத்தை அவனுடைய கையெழுத்திலேயே போட்டோம். மறு மாதம் கூரைக்குப் பணம் சேர்ந்துவிட்டது.

நிகழ்வை எழுதுதல்

இங்கேதான் பெரும்பாலான மடல்கள் வழுக்கி விழுகின்றன. எங்கள் முதலாவது மடலில் சிறுவர் தினச் செய்தி இவ்வாறு வெளிவந்தது: “எமது பாடசாலையின் சிறுவர் தின விழா அதிபர் தலைமையில் பிரதான மண்டபத்தில் வெகு விமரிசையாக நடைபெற்றது. மங்கல விளக்கேற்றலைத் தொடர்ந்து வரவேற்புரை, தலைமையுரை, பிரதம விருந்தினர் உரை, சிறப்பு விருந்தினர் உரை என்பன இடம்பெற்றன. மாணவர்களின் கலைநிகழ்ச்சிகள் சபையோரைக் கவர்ந்தன.” இதற்குப் பின் விருந்தினரின் பெயர்களும் பதவிகளும் பதினொரு வரிகள் ஓடின. பிரதான மண்டபம் என்று நாங்கள் எழுதியது, நடுவில் உள்ள பலகைத் தட்டியை அகற்றிய இரண்டு வகுப்பறைகள். பிள்ளைகளுக்கு வந்தது ஒரு வரி. எந்தத் தாயும் அதில் தன் பிள்ளையைக் கண்டிருக்க மாட்டாள்.

அதே விழாவை இரண்டு வருடங்களின் பின் இவ்வாறு எழுதினோம்: “சிறுவர் தினத்தன்று ஆசிரியர்கள் பிள்ளைகளாகவும் பிள்ளைகள் ஆசிரியர்களாகவும் மாறினர். அதிபரின் கதிரையில் அமர்ந்த தரம் 4 மாணவி, பிந்தி வந்த அதிபரிடம் காரணம் கேட்டாள். ‘சைக்கிள் ரயர் காத்துப் போயிட்டுது’ என்றார் அதிபர். ‘நாளைக்கு அம்மாட்டக் கடிதம் வாங்கிக்கொண்டு வாங்கோ’ என்று சொல்லி அவரை வாங்கிலில் இருத்தினாள்.” இதை எழுத எங்களுக்கு எந்தத் திறமையும் வேண்டியிருக்கவில்லை. பிள்ளைகள் எங்கே சிரித்தார்கள் என்று கேட்டதற்கு டீச்சர் சொன்ன விடை அது. விருந்தினரின் பெயர்களைப் புறக்கணிக்கவும் முடியாது, அவர்களில் சிலர் உண்மையாகவே கைகொடுப்பவர்கள். ஆகவே அவற்றை இறுதியில் சிறிய எழுத்தில் ஒரே வசனமாகக் கொடுத்துவிடுகிறோம். ஆசிச் செய்தி, வாழ்த்துச் செய்தி என்பவற்றை அறவே கேட்பதில்லை. நான்கு பக்க மடலில் நான்கு வாழ்த்துச் செய்திகள் வந்துவிட்டால் மிஞ்சுவது அச்சகத்தின் பெயர் மட்டுமே.

விஜயதசமி ஏடு தொடக்கலையும் இவ்வாறே, ஒரு பிள்ளையின் விரல் தட்டில் பரப்பிய அரிசிக்குள் முதலெழுத்தைத் தேடும் அந்தச் சில கணங்களிலிருந்து தொடங்கினால் போதும்; கும்பம் வைத்ததிலிருந்து அவல் கடலை பகிர்ந்தது வரை வரிசையாகச் சொல்லத் தேவையில்லை. மரநடுகை மாதச் செய்தியில் நட்ட கன்றின் பெயரை எழுதுங்கள். வேம்பா, மருதா, மகோகனியா என்பது ஊரில் உள்ளவர்களுக்குப் பொருட்டு. போன வருடம் நட்டதில் எத்தனை பிழைத்தன என்பதையும் கேட்டுப் போடுங்கள். எங்களுடையவற்றில் பாதியை மாடு கடித்துவிட்டது என்ற செய்தி வெளிவந்த பிறகுதான் யாரோ முள்வேலி போட்டுக் கொடுத்தார்.

புலமைப்பரிசில் பெறுபேறு தனிக் கவனம் வேண்டும் செய்தி. இரண்டு வினாத்தாள்களுக்கும் சேர்த்து 200 புள்ளிகள். வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடும். பெரிய பாடசாலையில் நூறு பேர் தோற்றி இருபது பேர் சித்தியடைந்தால், மற்ற எண்பது பேரும் கூட்டத்துக்குள் மறைந்துகொள்ளலாம். எங்கள் பாடசாலையில் ஒரு வருடம் தோற்றியவர்கள் நான்கு பேர். இருவரின் படத்தைப் போட்டு வாழ்த்தினால், மற்ற இருவரும் யார் என்பதை நாங்களே ஊருக்கு அறிவித்ததாகிவிடும். அந்தப் பிள்ளைகளுக்குப் பத்து வயது. ஆகையால் தோற்றிய நால்வரையும் ஒரே படத்தில் நிறுத்தி, அவர்கள் ஐந்து வருடம் படித்து வெளியேறுவதையும் அடுத்த வருடம் எந்தெந்தப் பாடசாலைக்குப் போகிறார்கள் என்பதையும் எழுதுகிறோம், புள்ளிகளை எழுதுவதில்லை. இதனால் சித்தியடைந்த பிள்ளையின் தகப்பனார் ஒருவர் என்னோடு பல நாள் முகங்கொடுத்துப் பேசவில்லை. அவருடைய மனக்குறை நியாயமானதுதான். ஆனாலும் முடிவை மாற்றவில்லை.

குடும்பச் செய்திகள்

மடல் கைக்கு வந்ததும் பெரியவர்கள் முதலில் திருப்பிப் பார்ப்பது மூன்றாம் பக்கத்தை. பிறப்பு, திருமணம், பல்கலைக்கழக அனுமதி, இடமாற்றம், ஓய்வு, மரணம் ஆகியவை அங்கேதான் வருகின்றன. இவற்றுக்கு நான் வைத்திருக்கும் விதி ஒன்றே: எந்தச் செய்தியும் அந்தக் குடும்பத்தில் ஒருவரது வாயால் உறுதிப்படாமல் அச்சேறக் கூடாது. வைபர் குழுவில் வந்த செய்தி, கல்யாண வீட்டில் கேட்ட செய்தி, காலி வீதியில் மரக்கறிக் கடையில் சந்தித்த ஊரவர் சொன்ன செய்தி ஆகியவை எல்லாம் விசாரிப்பதற்கான தூண்டல் மட்டுமே.

இந்த விதி ஒரு பிழையிலிருந்து பிறந்தது. ஒரு திருமணச் செய்தியை எழுதும்போது, மணமகளின் பாட்டனாரைக் “காலஞ்சென்ற” என்று குறித்துவிட்டேன். அவருடைய தமையனாரின் மரண அறிவித்தலைப் பத்திரிகையில் கண்டது என் நினைவில் இடம் மாறிப் பதிந்திருந்தது. மடல் ஊருக்குப் போன மறுநாள் காலை ஏழு மணிக்கு அவரே தொலைபேசியில் வந்தார். “தம்பி, நான்தான் கதைக்கிறன், இன்னும் இஞ்சதான் இருக்கிறன்” என்றார். கோபப்படவில்லை. அடுத்த மடலில் திருத்தம் போட்டோம். அதற்கு முன்பே ஊர் முழுவதும் அவரைக் கண்டால் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கத் தொடங்கிவிட்டது.

அந்தச் சொல்லைப் பற்றிச் சிரிக்க முடியாத ஒன்றும் உண்டு. வன்னியில் போரின் இறுதி மாதங்களில் காணாமற்போன தகப்பனை, அண்ணனை, கணவனை இன்றும் தேடிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் பல. அந்த வீட்டுப் பெண்ணுக்குத் திருமணம் என்றால், தகப்பனாரின் பெயருக்கு முன் எதை எழுதுவது என்பதைத் தொகுப்பவர் தீர்மானிக்கக் கூடாது. “காலஞ்சென்ற” என்று போட்டால், மரணச் சான்றிதழை ஏற்க மறுத்து இத்தனை வருடம் காத்திருக்கும் ஒரு தாயின் நிலைப்பாட்டை நாங்கள் ஒரு சொல்லால் கடந்துவிடுகிறோம். தாயிடமே கேட்டு, அவர் சொல்கிறபடி எழுத வேண்டும். அநேகமாக அவர்கள் அடைமொழி எதுவுமின்றிப் பெயரை மட்டும் போடச் சொல்வார்கள். அப்படியே போடுங்கள்.

பூப்புனித நீராட்டு விழாச் செய்தியை நாங்கள் வெளியிடுவதில்லை. வீட்டார் மண்டபம் எடுத்துச் செய்வது அவர்களுடைய விருப்பம். ஆனால் நேற்று வரை தரம் 5 வாங்கிலில் இருந்த பிள்ளையின் உடல் மாற்றத்தைப் பாடசாலை மடல் அறிவிக்க வேண்டியதில்லை என்பது என் துணிபு. வெளிநாடு போகிறவர்களைப் பற்றிய செய்தியை அவர்கள் போய்ச் சேர்ந்து, வீட்டாரும் சம்மதித்த பிறகே எழுதுகிறோம். நோய், கடன், காணிப் பிணக்கு என்பவற்றுக்கு இங்கே இடமில்லை. மரணச் செய்தியைச் சுருக்கமாக, ஆனால் பாடசாலையோடு அவருக்கிருந்த தொடர்பைச் சொல்லி எழுதுங்கள். கிணற்றடியில் நிற்கும் மாமரத்தை நட்டவர் என்ற ஒரு வரி, “அன்னாரின் ஆத்மா சாந்தியடையப் பிரார்த்திக்கிறோம்” என்ற வழமையான வரியைவிட அந்தக் குடும்பத்துக்கு நெருக்கமானது.

பிள்ளைகளின் படங்களுக்குப் பெற்றாரின் கையொப்பம் வேண்டும். இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியிருக்கிறது என்பது ஒருபுறமிருக்க, மடல் இணையத்தில் சுற்றத் தொடங்கினால் படம் எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. வருடத் தொடக்கத்தில் ஒரு தாளில் எல்லாப் பெற்றாரிடமும் கையொப்பம் வாங்கி வைத்துவிட்டால் பின்னர் அலைய வேண்டியதில்லை. படத்தின் கீழ் பிள்ளையின் முழுப்பெயரையும் ஊரையும் சேர்த்து எழுதாதீர்கள். ஆசிரியர்கள் அரச ஊழியர்கள், அரச ஊழியருக்கான விதிகளின் தொகுப்பாகிய தாபனக் கோவைக்குக் கட்டுப்பட்டவர்கள். ஆகவே குறைபாடுகளை அவர்கள் வாயால் சொல்வதாக எழுதிச் சங்கடத்தில் மாட்டிவிடக் கூடாது. சொல்ல வேண்டியதைக் கிளையின் பெயரில் சொல்லுங்கள்.

தட்டச்சு, அச்சு, பொதி

ஊரிலிருந்தும் அச்சகங்களிலிருந்தும் வரும் கோப்புகள் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கருவியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் குவிந்த ஒன்றுதான் தெரியும். கனடாவிலும் லண்டனிலும் கையடக்கத் தொலைபேசியில் வாசிப்பவர்களுக்கு அதனால் பயனில்லை. எல்லாவற்றையும் முதலில் எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யுனிகோட்டுக்கு மாற்றிக்கொண்டு, மாற்றிய பின் பெயர்களையும் திகதிகளையும் மறுபடியும் ஒப்புநோக்குங்கள். கிரந்த எழுத்துகளும் ஆங்கிலத்தில் இருந்த முதலெழுத்துகளும் மாற்றத்தின்போது சிதைவதுண்டு.

ஏ3 தாள் ஒன்றை நடுவில் மடித்தால் ஏ4 அளவில் நான்கு பக்கங்கள். பின் அடிக்கும் செலவும் இல்லை. எழுத்து 13 புள்ளிக்குக் குறையக் கூடாது, ஏனெனில் இதை ஆற அமர வாசிப்பவர்கள் மூக்குக்கண்ணாடி போட்ட பேரன் பேத்திகள். (எங்கள் பக்கத்தில் பேரன், பேத்தி என்றால் பாட்டன், பாட்டி; கொழும்பில் பிறந்த இளையவர் ஒருவர் இதைப் பிழையென்று திருத்திவிட்டு என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.) பிரதிகளைப் பிள்ளைகளின் தொகைக்கு அன்றி வீடுகளின் தொகைக்கு அச்சிட்டு, பத்துப் பிரதிகள் மேலதிகமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒப்புநோக்குவதற்கு ஊரை அறிந்த ஒருவரையும் ஊரை அறியாத ஒருவரையும் சேர்த்து இருத்த வேண்டும். முன்னவர் உறவுமுறைப் பிழையைப் பிடிப்பார். பின்னவர், எங்களுக்கு மட்டும் விளங்கும் வசனங்களைப் பிடிப்பார். நாங்கள் இதற்கு ஒரு ஞாயிறு பின்னேரத்தை ஒதுக்குகிறோம். கொழும்பில் நவம்பர்ப் பின்னேரங்களில் இடியோடு மழை வருவதால் வந்தவர் எவரும் அவசரப்பட்டு எழும்பிப் போக மாட்டார் என்பது ஒரு வசதி.

கிளையின் வரவு செலவைக் கடைசிப் பக்கத்தில் ஐந்தாறு வரிகளில் ரூபாய்க் கணக்கோடு போட்டுவிடுங்கள். இதைச் செய்யாத வருடத்தில் வந்த தொலைபேசி அழைப்புகளை எண்ணிப் பார்த்தால் அந்த ஐந்தாறு வரிகளும் மலிவு.

பொதியை வெள்ளவத்தையில் இரவுப் பேருந்தில் ஏற்றலாம். அது மாங்குளம் சந்திக்கு விடியற்புறத்தில் போய்ச் சேரும், மழையும் அந்நேரத்தில்தான் பிடித்துக்கொள்ளும். எனவே பிரதிகளைப் பொலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றி, அதன் மேல் சொப்பின் பை போட்டுக் கட்டி, பெற்றுக்கொள்பவரின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் அழியாத மையில் எழுதி, பேருந்தின் இலக்கத்தையும் நடத்துநரின் தொலைபேசி இலக்கத்தையும் அவருக்கு முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். பிள்ளைகளிடம் மடலைக் காலையில் கொடுக்க வேண்டாம் என்று டீச்சரிடம் சொல்லி வையுங்கள். கடைசிப் பாடம் முடியும்போது கொடுத்தால்தான் அது கப்பலாகாமல் வீடு போய்ச் சேரும். மறுநாளிலிருந்து வரும் திருத்தங்களை ஒரு கொப்பியில் திகதியோடு குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வருட மடலின் முதற்பக்கத்தில் மூலையில் ஒரு கட்டம் அவற்றுக்கு உரியது.